கோப்பிக் காலத்துப் பாட்டு

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அன்றைக்கு எனக்கு வெளியே எதுவும் சரியாகத் தெரியவில்லை. கேகாலை ஆஸ்பத்திரியில் கிளினிக் முடித்துக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் மரங்கள் பச்சைத் தண்ணீர் மாதிரி ஓடின. சாரதி பழைய பாட்டுகளைப் போட்டிருந்தார். எல்லாம் சிங்கள பைலா. முன் சீட்டில் இருந்தவர்கள் கூடவே பாடிக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒரு தமிழ்ப் பாட்டு வந்தது. முதலில் கிட்டார், பிறகு கைதட்டல், பிறகு கொழும்புப் பக்கத்துத் தமிழில் ஓர் ஆண் குரல், சிரித்துக்கொண்டே பாடியது.

கோப்பி மணக்குது மலையோரம் – என்
கூட வந்தவளைக் காணோமே
கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காஞ்சேன் – அவ
குரல் மட்டும் கேக்குது தூரத்திலே

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்களப் பெண் தன் மடியில் இருந்த மரக்கறிப் பையின் மேல் தாளம் போட்டாள். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த நான்கு வரிகளும் என் புத்தகத்தில் இருக்கின்றன. வாழ்க்கையில் நான் போட்டது ஒரே புத்தகம். சப்ரகமுவத் தோட்டங்களில் தொழிலாளர் பாடிய நாட்டார் பாட்டுகளைத் தேடித் தொகுத்தது. அதில் இந்தப் பாட்டுக்கு மட்டும் தனி அத்தியாயம் கொடுத்திருந்தேன். காரணம், அதில் கோப்பி என்ற சொல் வருகிறது. எங்கள் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்தது தேயிலைக்கும் இல்லை, ரப்பருக்கும் இல்லை. முதலில் கோப்பிக்குத்தான் வந்தார்கள். கோப்பி நோய் பிடித்து அழிந்த பிறகுதான் மற்றவை வந்தன. ஆகவே கோப்பி வருகிற பாட்டு என்றால் அது முதல் தலைமுறையின் பாட்டு, நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது என்று எழுதினேன். 'கூட வந்தவளைக் காணோமே' என்பது மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தபோது கொள்ளைநோயில் செத்துப்போன மனைவி. 'தொண்டை காஞ்சேன்' என்பது வழியில் தண்ணீர் கிடைக்காத கொடுமை. 'கோப்பி மணக்குது' என்பதற்கு, கோப்பிப் பூ மல்லிகை போல மணக்கும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பூவைத் தேடிப் போய் முகர்ந்தும் பார்த்தேன். அதில் பொய் இல்லை, மணக்கத்தான் செய்தது.

பஸ்ஸில் பாட்டு தொடர்ந்தது. அடுத்த அடியில், அதாவது அடுத்த நான்கு வரியில், காணாமல் போனவள் அகப்பட்டுவிட்டாள். வேனில் சுற்றுலா வந்த இடத்தில், மலைவளைவில் இருந்த கோப்பிக் கடையில், வேறு ஒருவனோடு உட்கார்ந்து கடலை வடை தின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது அடியில் இவன் கோபித்துக்கொண்டு யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். கூட்டமாகச் சிரிக்கிற சத்தத்தோடு பாட்டு முடிந்தது.

கண்டக்டர் என்னைத் தெரிந்த பையன். அந்தப் பாட்டு எந்தக் காலத்தது என்று சிங்களத்தில் கேட்டேன்.

"பரண எகக் மாஸ்டர். அபே தாத்தலாகே காலெ," என்றான். பழசுதான், எங்கள் அப்பாமார் காலத்தது என்று அர்த்தம். பிறகு தமிழுக்கு மாறி, "ஏன் மாஸ்டர், உங்க ஆளுங்க பாட்டு உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

எனக்குத் தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாட்டு வந்த காலத்தில் நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன். தங்கியது ஒரு மிஷன் விடுதியில். அங்கே வானொலியில் செய்தி மட்டும்தான் கேட்கலாம். கிட்டாரும் கைதட்டலுமாக வருகிற பொப்பிசைப் பாடல்கள் நாடெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டபோது அவற்றைக் கேட்காமல் இருப்பதை ஒரு படிப்பாகவே நினைத்தேன். தோட்டத்துக்கு வாத்தியாராகத் திரும்பி வந்த பிறகும், கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்கள். சேர் வந்தால் ரேடியோவைக் குறைத்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது என் நினைவெல்லாம் ஒரு கல்லைப் பற்றியே இருந்தது. எங்கள் மாரியம்மன் கோயில் முன்றிலில், கோப்பிக் காலத்தில் வந்து செத்த முன்னோருக்கு ஒரு நினைவுக் கல் நாட்டுவதென்று கோயில் கமிட்டி முடிவெடுத்திருந்தது. கல் வரக்காப்பொலயில் ஒரு கல்வெட்டுக்காரரிடம் கிடந்தது. திருவிழாவன்று திறப்பு. அதில் வெட்டுவதற்கு என் புத்தகத்திலிருந்து அந்தப் பாட்டைக் கொடுத்திருந்தேன், பொப் பாட்டில் வருகிற நான்கு வரியும் அதன் பின்னே இன்னொரு நான்கு வரியும். அடியில் 'கண்டெடுத்தவர்' என்று என் பெயரைப் போடுவதாகவும் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லவில்லை.

வீட்டில் மருமகளிடம் முதல் வரியைச் சொல்லி, போனில் தேடச் சொன்னேன். உடனே கிடைத்தது. கீழே பலர் தங்கள் கல்யாணத்தில் இதைப் போட்டதைப் பற்றி எழுதியிருந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர், தன் அப்பாவுக்கு ஆடத் தெரிந்த ஒரே பாட்டு இது என்று எழுதியிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன்.

யார்மீது கோபப்படுவது என்று எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இந்தப் பாட்டை எனக்குப் பாடிக் கொடுத்தது என் கூடப்பிறந்த அக்கா.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் கேகாலைக்குப் படிக்கப் போனபோது அவள் ரப்பர் பால் வெட்டப் போனாள். அவள் சம்பளத்தில்தான் என் சப்பாத்து வந்தது. இதை அவள் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை என்பதால் நானாகவே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்த சில வருடங்களில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில், அவள் புருஷனுக்கு இந்தியா போகிற பத்திரம் வந்தது. அவளுக்கு வரவில்லை. முதலில் போய்விட்டு உன்னையும் பிள்ளையையும் கூப்பிடுகிறேன் என்று அவர் கப்பல் ஏறினார். கூப்பிடவில்லை. அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று பிறகு யாரோ வந்து சொன்னார்கள். அக்கா பெண்ணை வளர்த்தாள், பால் வெட்டினாள், இப்போதும் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில் மகளோடு இருக்கிறாள்.

நான் பாட்டுத் தேடி அலைந்த நாட்களில் அவள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு அவள் லயத்துக்குப் போவேன். தலை முழுகி, முடியைக் காயவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டே பாடுவாள். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைத் திட்டுகிற பாட்டு, காது கூசுகிற கேலிப் பாட்டு, எல்லாம் அவளிடம் இருந்தன. எனக்கு அவை போதவில்லை. கோப்பி வருகிற பாட்டு வேண்டும் என்று நச்சரித்தேன். ஒரு நாள் அவள் இந்த நான்கு வரியையும் அதைத் தொடர்ந்து இன்னொரு நான்கு வரியையும் பாடினாள், கைதட்டல் இல்லாமல், ஒப்பாரி இழுவையில். இது யாரிடம் கற்றது என்று கேட்டேன். "மலையில பாடுவாங்க" என்றாள். தோட்டத்தில் வேலைக்காட்டை மலை என்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து அத்தியாயம் முழுவதையும் கட்டினேன்.

பொப் பாட்டைக் கேட்டுவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போது எனக்கு உடம்பு எரிந்தது. தெரிந்துகொண்டே கொடுத்திருக்கிறாள். மேடைகளில் நான் அந்தப் பாட்டைச் சொல்லிக் குரல் தழுதழுத்தபோதெல்லாம் லயத்தில் அவள் சிரித்திருப்பாள். நான் வாத்தியார் ஆனதில் அவளுக்குப் பொறாமை இருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்கிற வயது இப்போது எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் இந்தப் பாட்டுக்கு ஆடியபோது அக்கா நடுவில் எழுந்து போனது ஞாபகம் வந்தது. முழங்கால் வலி என்று அப்போது நினைத்தேன். அதற்குப் பிறகு நான் பேசுகிற எந்த விழாவுக்கும் அவள் வந்ததில்லை. என் வீட்டுக்கும் வருவதில்லை. இப்போது காரணம் புரிந்துவிட்டதாக எண்ணினேன்: சிரிப்பை அடக்க முடியாமல் போயிருக்கிறாள்.

ஆனால் படித்தவன் மூளை கோபத்திலும் வேலை செய்தது. பொப் பாட்டை இன்னும் கவனமாகக் கேட்டபோது ஒன்று தட்டுப்பட்டது. என் புத்தகத்தில் அக்கா பாடியதாக இருக்கிற பின் நான்கு வரி இந்தப் பாட்டில் எங்கேயும் இல்லை.

அடுப்புல அரிசி கொதிக்குதுங்க – நீங்க
அக்கரைச் சோத்துக்குப் போனீங்களே
விடிஞ்சா பிரட்டுக்குப் போகணும் நான் – உங்க
வேட்டிய மடிச்சு வச்சிருக்கேன்

எனக்கு மூச்சு வந்தது. பாட்டு பழசுதான், கொழும்புப் பாடகர்கள் அதில் முதல் அடியை மட்டும் எடுத்து, வடையும் சைக்கிளும் சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். மிச்சமிருந்த அடியை என் அக்கா காப்பாற்றி வைத்திருந்தாள் என்று சொல்லலாம். புத்தகமும் தப்பும், கல்லும் தப்பும். அதற்கு எனக்கு வேண்டியது அக்காவின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்: ரேடியோவில் வருவதற்கு முன்பே தெரியும் என்று. திட்டவும் வேண்டும், அந்தச் சொல்லை வாங்கவும் வேண்டும் என்ற இரண்டு எண்ணத்தோடு லயத்துக்குப் போனேன்.

அக்கா வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, சுளகில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லை விரலால் சுண்டி எறிந்தாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் போனை எடுத்துப் பாட்டைப் போட்டேன்.

கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க புடிச்ச இத?" என்றாள். சுளகின் விளிம்பில் தாளம் தட்டினாள். வடை வந்த இடத்தில் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். நான் பாட்டை நிறுத்தினேன்.

"இது ரேடியோப் பாட்டுன்னு ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாம? பால் நிறுக்கிற எடத்துல காவலுக்கு நிக்கிற வோச்சர் மாத்தயா ரேடியோவ ரப்பர் மரத்துல தொங்கவிட்டிருப்பாரு. பால் வாளிய வச்சுட்டு இத ஒரு தடவ கேட்டுட்டுத்தான் வருவோம். மல முழுக்கப் பாடும்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல?"

"நீ கேக்கலயே. கோப்பி வேணும் கோப்பி வேணும்னு வந்து நின்ன. கோப்பி வர்ற பாட்டு எனக்கு இது ஒன்னுதான் தெரியும். அன்னிக்குக் கை வலி எனக்கு. பாடுனா நீ போயிருவன்னு பாடுனேன்." இன்னொரு கல்லைச் சுண்டிவிட்டு, "ஊருக்கே தெரிஞ்ச பாட்டு. படிச்சவன் ஒனக்குத் தெரியாதுன்னு நான் கண்டேனா?" என்றாள்.

எனக்கு அழுகை முட்டியது. வயதானவன் அழுவது அவலமாக இருக்கும் என்று குரலை உயர்த்தினேன். என்னை ஊர் முன்னால் கோமாளியாக்கிவிட்டாய், இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாய், சொந்த அக்காவே இப்படிச் செய்யலாமா என்றெல்லாம் கேட்டேன். பக்கத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் உள்ளே போய்விட்டாள். அக்கா பயறைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் ஓய்ந்ததும், வந்த காரியத்தை எடுத்தேன். பின் நான்கு வரி ரேடியோவில் இல்லையே, அது எங்கே கேட்டது, அதுவாவது பழைய பாட்டுதானே என்றேன். என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அது என்னோடது," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. யாரிடம் கற்றது என்று மறுபடி கேட்டேன்.

"யார்ட்டயும் இல்ல. அவரு கப்பல் ஏறுன வருசம் நானாக் கட்டுனது. பால் வெட்டுறப்ப மரத்துக்கு மரம் போற நேரத்துல கட்டுனது. பெருசு அது. நீ மொதமொத டேப்பத் தூக்கிட்டு வந்தன்னிக்கு அதத்தான் பாடுனேன். ஞாபகம் இல்லியா ஒனக்கு?"

ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன். முதல் நாள் அவள் ஒரு பாட்டை ஆரம்பித்தாள். கப்பல், துறைமுகம், பாஸ்போர்ட் என்று சொற்கள் வந்தன. நான் கையை நீட்டி டேப்பை நிறுத்தினேன். "அது நேத்துப் பாட்டுக்கா, அது வேணாம். பழசு பாடு" என்றேன். அது அவளுடைய சொந்தப் பாட்டு என்று எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லலாம். ஆனால் என் மச்சான் கப்பல் ஏறியது எனக்குத் தெரியும். வழியனுப்பப் போனவர்களில் நானும் ஒருவன். பாடுகிறவள் என் அக்கா. தெரியாது என்று சொல்வதற்கு எங்கே இடம் இருக்கிறது?

"அப்பறம் கோப்பிப் பாட்டு பாடுனேனே, அன்னிக்கு அந்த இழுவையில பாடப்பாட தொண்ட தானா இதுக்குப் போயிருச்சு. ஒரு அடி பாடிட்டேன். போகட்டும்னு விட்டேன். நீதான் இது வேணாம்னியே. நீ எழுதமாட்டன்னு நெனச்சுத்தான் பாடுனேன் தம்பி."

நான் எழுதினேன். எழுதியது மட்டும் இல்லை. அந்தப் பாட்டில் 'பிரட்டு' என்று ஒரு சொல் வருகிறது. தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற இடம். பிரட்டுக்குப் போகிறவள் தோட்டத்தில் இருக்கிறாள், அவள் புருஷன் அக்கரைக்கு, அதாவது இந்தியாவுக்குப் போயிருக்கிறான் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். என் கோப்பிக் காலத்துக்கு அது ஒத்துவரவில்லை. அங்கே ஊரில் இருக்கிற வேறொருத்தி, இங்கே வந்த தன் புருஷனை நினைத்துப் பாடுவதாக இருக்க வேண்டும். ஆகவே, அந்தச் சொல் பிற்காலத்தில் அறியாமையால் புகுந்தது என்று அடிக்குறிப்பு எழுதினேன். பாட்டின் கீழே 'ஆக்கியோர் தெரியவில்லை' என்றும் எழுதினேன். ஆக்கியவள் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"பொஸ்தகத்துல இருக்குன்னு எப்பக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குப் படிக்கத் தெரியுமா? பரிசளிப்பு விழாவுலதான் தெரியும். சின்னப் பொம்பளப் புள்ளைங்க வேட்டிய மடிச்சு மடிச்சு ஆடுச்சுங்க. சனம் கை தட்டுச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். மகள் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். அக்கா மறுபடி சுளகை எடுத்துக்கொண்டாள். நான் வந்தபோது என் கையில் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்தேன்.

கோயில் கமிட்டிச் செயலாளர் என் பழைய மாணவர், தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறவர். மறுநாள் அவரைத் தேடிப் போய், கல்லில் அந்தப் பாட்டு வரக் கூடாது, அது கோப்பிக் காலத்துப் பாட்டு இல்லை, ரேடியோப் பாட்டு என்று சொன்னேன். அவர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"தெரியும் சேர். எங்க சித்தப்பா கல்யாணத்துல இத ரெண்டு தரம் போட்டாங்க."

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

"நீங்க வகுப்புல படிச்சுக் காட்டுனீங்க. பழசுன்னீங்க. அப்ப ரேடியோக்காரங்கதான் நம்ம பாட்டக் களவெடுத்திருப்பாங்கன்னு நெனச்சோம். எங்களுக்குப் பெருமையாத்தான் இருந்திச்சு, சேர்."

மற்றக் கமிட்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள். பூசாரிக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கிய டீச்சருக்குத் தெரிந்திருந்தது. தோட்டம் முழுவதும் அந்தப் பாட்டை இரண்டாக வைத்திருந்தது, கல்யாண வீட்டில் ஒன்று, சேர் இருக்கிற இடத்தில் ஒன்று. ஒரு பொய்யை ஒரு தோட்டமே இத்தனை வருடம் எனக்காகக் காத்து வந்திருக்கிறது. அன்றைக்கு அது துரோகம் போலத்தான் இருந்தது. இப்போதும் சில வேளை அப்படித்தான் இருக்கிறது. நான் செருப்பைத் தேடியதால்தான் ரேடியோவைக் குறைத்தார்கள் என்று பிறகுதான் நினைத்துக்கொள்கிறேன்.

செயலாளருக்கு உண்மையைச் சொல்லும்போது பின் நான்கு வரியைப் பற்றியும் சொல்லவேண்டி வந்தது. அவர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். முன் நான்கு வரியை எடுத்துவிட்டு, அக்காவின் நான்கு வரியை மட்டும் வெட்டுவோம், கீழே அக்காவின் பெயரைப் போடுவோம், நம் தோட்டத்துப் பெண் கட்டிய பாட்டு, அதைவிட என்ன வேண்டும் என்றார். என் மனம் அதில் உடனே போய் உட்கார்ந்தது. தவறைத் திருத்தியது போலவும் ஆகும், கல்லில் என் வீட்டுப் பாட்டு இருப்பது போலவும் ஆகும். அக்காவைக் கேட்காமலே சரி என்று சொல்லியிருப்பேன். வாய் வரை வந்தது. அன்றைக்குக் கையை நீட்டி டேப்பை நிறுத்திய ஞாபகம்தான் என்னைத் தடுத்தது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டேன். அக்கா தண்ணீர்ப் பீலியில் கால் கழுவிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"அவருக்குப் பாடுனது அது. அவரே கேக்கல. கல்லுக்கு எதுக்கு?"

பெயர் போடுவார்கள் என்றேன்.

"பேரா? புருசன் விட்டுட்டுப் போனவன்னு கோயில் வாசல்ல எழுதி வைக்கப் போறியா? நல்லா இருக்கே ஒன் படிப்பு." பிறகு, மேட்டின் மேல் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "பொஸ்தகத்துலருந்து அத எடுத்திரு தம்பி," என்றாள்.

புத்தகத்திலிருந்து எப்படி எடுப்பது? எங்கெங்கோ நூலகங்களில் இருக்கிறது. என்னை மேற்கோள் காட்டி வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். அதை அவளுக்குச் சொன்னேன். தலையாட்டினாள். ஒரு தடவை போனால் திரும்பாது என்கிற விஷயத்தை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு அந்தப் பெரிய பாட்டின் மற்ற அடிகள் ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது. அந்த நேரத்திலும் தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

என்னால் முடிந்தது, என் அலமாரியில் இருந்த பிரதிகளில் அந்த அத்தியாயத்தைக் கிழித்து அடுப்பில் போட்டதும், பள்ளிக்கூட நூலகத்தில் அனுமதி கேட்டு அங்கே இருந்த பிரதியிலும் அதையே செய்ததும்தான். பாட்டைப் பற்றி நான் எழுதியது பிழை என்று, எனக்குத் தெரிந்த பத்திரிகைக்கு எழுதினேன். முன் அடி எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். பின் அடியைப் பற்றி, அதைப் பாடியவர் அதை வெளியிடக் கொடுக்கவில்லை என்று மட்டும் எழுதினேன். இங்கே மறுபடி அதை எழுதியிருக்கிறேனே என்று வாசிக்கிறவர் கேட்கலாம். இதை எழுதுவதற்கு முன் அக்காவிடம் போய் நின்றேன். "நான் என்ன பாடுனேன், நீ என்ன பண்ணுன, ரெண்டையும் எழுது. ரெண்டுல ஒன்ன மட்டும் எழுதாத" என்றாள். அந்த நான்கு வரிக்கு மட்டும்தான் அனுமதி. மீதி அவளிடம் இருக்கிறது.

கல்லில் கடைசியில் பாட்டு எதுவும் வெட்டப்படவில்லை. கோப்பிக்கு வந்தவர்களின் நினைவாக என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதன் கீழே வழுவழுப்பாக நிறைய இடம் கிடக்கிறது. பிள்ளைகள் அதில் கரியால் எதையாவது எழுதுகிறார்கள், பூசாரி அழிக்கிறார்.

திருவிழாவன்று திறப்பு முடிந்து, சனம் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில், ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுகள் தீர்ந்து வேறு பாட்டுகள் வந்தன. நான் அந்த இடத்தை விட்டுக் கிளம்பப் பழக்கத்தில் எழுந்து, செருப்பைத் தேடினேன். அப்போது கிட்டார் கேட்டது. யார் போட்டதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள். ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் ஒலிபெருக்கிக்காரனை நோக்கி ஓடினார்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த அக்கா, பந்தல் ஓரத்தில் கதிரையில் இருந்தாள். பரிசளிப்பு விழாவுக்குப் பிறகு நான் இருக்கிற ஒரு கூட்டத்துக்கு அவள் வந்தது அன்றைக்குத்தான். கல்லைப் பார்க்க வந்தாள், நான் பேசுவதைக் கேட்க இல்லை என்று முன்பே சொல்லிவிட்டாள்.

"அவன நிறுத்தச் சொல்லாத," என்று செயலாளரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "இருந்து முழுசாக் கேளு," என்றாள்.

செருப்பைப் போடாமல் உட்கார்ந்தேன். அவள் கை தட்ட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் தட்டினார்கள், பிறகு ஆண்கள். கடலை வடை வந்தபோது பெரிய சிரிப்பு எழுந்தது. நானும் தட்டிப் பார்த்தேன். தாளம் எனக்குப் பிடிபடவில்லை. சைக்கிள் வருகிற அடி வரை தப்பாகவே தட்டிக்கொண்டிருந்தேன்.